எட்டில் ஒரு கூறைத் தள்ளும் பாட்டும் இரண்டே முக்கோணங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில், போதையனார் என்ற புலவர் பெயரில் உலவும் பாட்டு மறுபடியும் வந்திருந்தது. புலனக் குழுக்களில் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பாட்டுதான். செங்கோண முக்கோணத்தில் நீளத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளி, மிஞ்சியதோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) வந்துவிடும் என்பது அதன் சாரம். கீழே ஒரு குறிப்பும் இருந்தது: இது பைதகரசுக்கு முந்தியது, வர்க்கமூலமே வேண்டாம், எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் பொருந்தும். சான்றாக இரண்டு கணக்குகள். நீளம் 4, உயரம் 3 என்றால், நாலில் எட்டில் ஏழு பங்கு 3.5, மூன்றில் பாதி 1.5, மொத்தம் 5. நீளம் 12, உயரம் 5 என்றால், 10.5 உடன் 2.5, மொத்தம் 13. இரண்டும் சரி.

மூன்றாவதாக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். நீளம் 15, உயரம் 8. பதினைந்தில் எட்டில் ஏழு பங்கு 13.125, எட்டில் பாதி 4, மொத்தம் 17.125. உண்மையான கர்ணம் 17. நாலாவது: நீளம் 24, உயரம் 7. பாட்டு 24.5 என்கிறது, உண்மை 25. இரு பக்கமும் 1 என்று வைத்தால் பாட்டின் விடை 1.375, உண்மை 1.414-ஐத் தாண்டியது. உயரம் மிகக் குறைந்து போனால் கர்ணம் கிட்டத்தட்ட நீளத்துக்கே சமமாகிவிடும். பாட்டோ அப்போதும் எட்டில் ஒன்றை வெட்டிவிடுவதால் பிழை 12.5 விழுக்காடு வரை போகும்.

கூரை வேலையில் இதை வைத்துப் பார்த்தால் விளங்கும். கிடையாக 12 அடி, உயரம் 4 அடி உள்ள கூரைச் சரிவுக்குக் கைமரம் அறுக்க வேண்டும். பாட்டின்படி 12.5 அடி. சரியான அளவு 12.649 அடி. ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேல் குறைகிறது. நீளமாக அறுத்துவிட்ட மரத்தை மறுபடி வெட்டிக்கொள்ளலாம், குட்டையாக அறுத்ததை என்ன செய்வது? அதே 12 அடிக்கு உயரம் 5 அடியாகவோ 9 அடியாகவோ இருந்திருந்தால் பாட்டு அச்சுப் பிசகாமல் 13 என்றும் 15 என்றும் சொல்லியிருக்கும். ஒரே பாட்டு ஒரு கூரைக்கு உதவி, பக்கத்துக் கூரையில் கையை விரிப்பது ஏன்?

இதற்கு விடை சொல்ல இடைநிலைப்பள்ளிப் படிவம் 4-இல் வரும் இருபடிச் சமன்பாடு போதும். உயரத்தை நீளத்தால் வகுத்து வரும் விகிதத்தை 'வி' என்போம். நீளம் 1 என்றால் உயரம் வி. பாட்டு தரும் கர்ணம் 7/8 + வி/2. சிறு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் என்ற பைதகரஸ் தேற்றத்தின்படி, உண்மையான கர்ணத்தின் வர்க்கம் 1 + வி². இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் (7/8 + வி/2)² = 1 + வி² ஆக வேண்டும். விரித்து, இரு பக்கமும் 64-ஆல் பெருக்கி, ஒழுங்குபடுத்தினால் 48வி² − 56வி + 15 = 0. இது (4வி − 3)(12வி − 5) = 0 என்று அழகாகப் பிரிகிறது. ஆகவே வி ஒன்று 3/4, இல்லையேல் 5/12. மூன்றாவது விடை கிடையாது. 3-4-5 வடிவமும் 5-12-13 வடிவமும், அவற்றின் மடங்குகளும் தவிர உலகில் வேறெந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் இந்தப் பாட்டு துல்லியமாகப் பொருந்தாது. சான்றாக அச்சிட்டிருந்த இரண்டு கணக்குகளும் அதே இரண்டு வடிவங்கள்தான்.

பாட்டைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. யார் எழுதியது, எந்த நூற்றாண்டு என்ற விவாதத்துக்குள்ளும் நாங்கள் போகவில்லை. அந்த இரண்டு வடிவங்களுக்கும் இடைப்பட்ட எந்த முக்கோணத்திலும் பாட்டின் பிழை 1 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. உச்சத்திலும் சுமார் 0.8 விழுக்காடுதான். மனக்கணக்காகப் போடக்கூடிய ஒரு விதிக்கு இது நல்ல திறமை. இன்னும் ஒன்று. விகிதத்தைக் கிடையாகவும் கர்ணத்தைச் செங்குத்தாகவும் வைத்து வரைபடத் தாளில் போட்டால் பாட்டின் விதி ஒரு நேர்கோடு. உண்மையான கர்ணம் மேல்நோக்கி வளைந்துகொண்டே போகும் வளைகோடு. அப்படிப்பட்ட வளைகோட்டை ஒரு நேர்கோடு இரண்டு இடங்களுக்கு மேல் வெட்ட வழியில்லை. எனவே 'நீளத்தில் இத்தனை பங்கு, உயரத்தில் இத்தனை பங்கு' என்று எந்தப் புலவர் எந்த எண்களை வைத்துப் பாடினாலும் அதிகம் போனால் இரண்டு வடிவங்களுக்குத்தான் சரியாக வரும். பாட்டைக் கட்டியவர் தமக்குக் கிடைத்த இரண்டு வாய்ப்புகளையும் பேர்போன இரண்டு முக்கோணங்களுக்கே செலவழித்திருக்கிறார். கெட்டிக்காரர்தான். அவர் தந்தது ஒரு நல்ல தோராயம். அதைத் தேற்றம் என்று அச்சிட்டதுதான் சிக்கல்.

இங்கிருந்துதான் நாங்கள் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. கணிதத்தில் ஒன்று 'தெரியும்' என்று எப்போது சொல்லலாம்?

சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்கு அளவைகள் பழக்கமானவை: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டு அறிவது, கண்டதை வைத்து ஊகித்து அறிவது, பெரியோர் சொல்லை நம்பி அறிவது. நாம் அன்றாடம் அறிவதெல்லாம் இந்த மூன்றில் அடங்கிவிடும். மாணவர் பக்கத்துக் குறிப்பும் இந்த மூன்றையும் பயன்படுத்தியது. 3-4-5-ஐப் போட்டுக் காட்டியது காண்டல். 'இரண்டுக்குப் பொருந்துகிறது, ஆகவே எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்பது புகையைப் பார்த்து நெருப்பு என்பது போன்ற கருதல். 'முன்னோர் சொன்னது' என்பது உரை. மூன்றும் இருந்தும் முடிவு தவறிவிட்டது.

இரண்டே சான்று என்பதால்தான் தவறியது, இருபது பார்த்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று தோன்றும். நாற்பது பார்த்தும் தவறிய கதை உண்டு. ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-க்கு 41. 1-க்கு 43. 2-க்கு 47. 3-க்கு 53. எல்லாம் பகா எண்கள். இப்படியே 39 வரை ஒன்றுவிடாமல் நாற்பது எண்களுக்கும் பகா எண்தான் வரும். 40-இல் கவிழ்கிறது: 1600 + 40 + 41 = 1681, அது 41 × 41. அறிவியல் ஆய்வில் நாற்பது முறை தவறாமல் வந்த முடிவை யாரும் மதிப்பார்கள். கணிதத்தில் அதற்கு 'அப்படி இருக்கலாம்' என்ற மதிப்புதான்.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, அதுதான் நிறுவல். அதன் வேலை மற்ற மூன்றிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதைக் காட்ட, அதே பாட்டின் 'வர்க்கமூலம் வேண்டாம்' என்ற பெருமையையே எடுத்துக்கொள்வோம்.

நேர்கோட்டு விதி போதாது என்றால், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் கொண்டு இன்னும் சிக்கலான விதி ஒன்றைக் கண்டுபிடிக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இரு பக்கமும் 1 ஆன முக்கோணத்துக்கு அந்த விதி என்ன சொல்லும்? முழு எண்களில் தொடங்கி இந்த நாலு செயல்களை எத்தனை முறை செய்தாலும் கிடைப்பது ஒரு பின்னம்தான். ஆகவே வர்க்கம் 2 ஆகும் ஒரு பின்னம் வேண்டும். அது மேல் எண் 'ம', கீழ் எண் 'ந' என்று இருக்கட்டும். சுருக்கக்கூடிய மட்டும் சுருக்கியாயிற்று, இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. அப்படியானால் ம² = 2ந². இதன்படி ம² இரட்டைப்படை. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் ஒற்றைப்படை என்பதால் ம-வும் இரட்டைப்படைதான். அதை 2க என்று எழுதலாம். இப்போது 4க² = 2ந², அதாவது ந² = 2க². அதே காரணத்தால் ந-வும் இரட்டைப்படை. இரண்டும் இரட்டைப்படை என்றால் 2 பொதுக் காரணி. சுருக்கியாயிற்று என்றல்லவா தொடங்கினோம்? முரண். அப்படி ஒரு பின்னம் இல்லை.

பின்னங்கள் எண்ணிலடங்காதவை. ஒன்றைக்கூடப் பரிசோதிக்காமல் அத்தனையையும் ஒதுக்கிவிட்டோம். காண்டல் எந்தக் காலத்திலும் இதைச் செய்யாது. வேள்விக் குண்டங்களின் அளவுகளைச் சொல்லும் வடமொழிப் போதாயன சுல்ப சூத்திரம் (பெயர் ஒத்திருப்பதால் போதையனாரோடு குழப்பிக்கொள்வோர் உண்டு) சதுரத்தின் மூலைவிட்டத்துக்குத் தரும் அளவை ஒரே பின்னமாக்கினால் 577/408. அதன் நெருக்கத்தைப் பாருங்கள். 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 332928. வித்தியாசம் ஒன்றே ஒன்று. வேள்விக் குண்டம் கட்டுகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் இதைவிட எத்தனை பெரிய எண்களை எடுத்தாலும் அந்த ஒன்று பூச்சியம் ஆகாது என்பதை அளவுகோல் சொல்லாது. மேலே உள்ள சில வரிகள் சொல்கின்றன.

கால்குலேட்டரும் இங்கே ஏமாற்றும். 2-இன் வர்க்கமூலம் கேட்டால் 1.414213562 என்று காட்டும். மாணவர் அதையே அந்த எண் என்று நம்பிவிடுவார். கடைசி இலக்கம் 2. அதைத் தன்னாலேயே பெருக்கினால் கடைசி இலக்கம் 4 ஆகத்தான் வரும். தசமத்துக்குப் பின்னால் எங்கோ 4-இல் முடிகிற எண் சரியாக 2 ஆக முடியுமா? இந்தக் கேள்விக்குப் பெருக்கிப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

சரி, பைதகரஸ் தேற்றத்தையாவது நம்பலாமா? மணிலா அட்டையில் வெட்டி ஒட்டிக் காட்டும் நிறுவல் இடைநிலைப்பள்ளிகளில் பரவலாகச் செய்யப்படுவது. சிறு பக்கங்கள் இரண்டையும் கூட்டிய நீளத்துக்கு ஒரு சதுரம் வரைந்து, ஒரே அளவுள்ள நாலு செங்கோண முக்கோணங்களை அதன் மூலைக்கு ஒன்றாக வைத்தால் நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று காலியாக நிற்கும். அதன் பக்கம் கர்ணம். அதே நாலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து இரு செவ்வகமாக்கி ஓரங்களில் ஒதுக்கினால், காலியிடம் இரண்டு சதுரங்களாகத் தெரியும். அவற்றின் பக்கங்கள் சிறு பக்கங்கள். வெளிச் சதுரமும் மாறவில்லை, முக்கோணங்களும் மாறவில்லை, எனவே காலியிடமும் மாறியிருக்காது. வகுப்பில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழும்பும். பல ஆசிரியர்கள் அந்தச் சத்தத்தோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள். அங்கே முடிக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. காரணம், அதே கத்தரிக்கோல் பொய்யும் சொல்லும்.

8 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர அட்டை ஒன்றை எடுங்கள். பரப்பு 64. அதை 8க்கு 3, 8க்கு 5 என்று இரண்டு செவ்வகங்களாக வெட்டுங்கள். சிறியதை மூலைவிட்டம் வழியே வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். பெரியதில், மேல் ஓரத்தில் இடமிருந்து 3-இல் ஒரு புள்ளி, கீழ் ஓரத்தில் இடமிருந்து 5-இல் ஒரு புள்ளி வைத்து, இரண்டையும் சேர்க்கும் கோட்டில் வெட்டினால் இரண்டு சரிவகங்கள். ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு சரிவகத்தோடு சேர்த்து நீட்டி, இரண்டு ஜோடிகளையும் எதிரெதிராக வைத்தால் 13க்கு 5 என்ற செவ்வகம் வரும். பரப்பு 65. ஒரு சதுர சென்டிமீட்டர் எங்கிருந்து முளைத்தது?

முக்கோணத்தின் சாய்வு 8க்கு 3, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்வு 5க்கு 2, அதாவது 0.4. இரண்டும் ஒரே கோட்டில் சேரவில்லை. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு மெல்லிய பிளவு ஓடுகிறது. நீளம் 14 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலமான இடத்திலும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். கத்தரியின் வெட்டுப் பிசிறு அதை மறைத்துவிடும். பசை தாராளமாகப் போட்டால் சுத்தமாகத் தெரியாது. அந்தப் பிளவின் பரப்புதான் அந்த ஒரு சதுர சென்டிமீட்டர்.

அப்படியானால் நாலு முக்கோணப் படத்தில் நடுவில் நின்றது உண்மையில் சதுரம்தானா, அல்லது சதுரம் போல் தெரிந்ததா? கண் சொல்வதை ஏற்க முடியாது என்று இப்போதுதானே பார்த்தோம். நாலு பக்கமும் கர்ணம் என்பதால் சமம். கோணங்கள் 90 பாகை என்பதைத்தான் காட்ட வேண்டும். வெளிச் சதுரத்தின் ஓரத்தில், இரு முக்கோணங்கள் சந்திக்கும் புள்ளியில் மூன்று கோணங்கள் கூடி 180 ஆகின்றன. அதில் இரண்டு, முக்கோணத்தின் இரு கூர்ங்கோணங்கள். அவை சேர்ந்து 90 என்றால் மீதியும் 90. அவை சேர்ந்து 90 ஆவது ஏன்? முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 என்பதால். அது ஏன் 180? உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டால் தெரியும். அப்படி ஒரே ஒரு இணைகோடுதான் போட முடியும் என்று யார் சொன்னது?

இந்த இடத்தில் தரை தட்டுகிறது. கி.மு. 300 வாக்கில் கிரேக்கரான யூக்ளிட் இதற்கு ஈடான ஒன்றை நிறுவாமல், ஐந்தாவது எடுகோளாக வைத்துக்கொண்டார். மற்ற நாலிலிருந்து இதை வரவழைத்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பலர் முயன்று தோற்றார்கள். 1829-இல் ரஷ்யாவில் லோபச்செவ்ஸ்கியும் 1832-இல் ஹங்கேரியில் போயாயும், இணைகோடுகள் பல உண்டு என்று வைத்துக்கொண்டே ஒரு வடிவியலைக் கட்டி வெளியிட்டார்கள். யூக்ளிட்டின் வடிவியலில் முரண் இல்லையென்றால் அதிலும் முரண் வராது என்பதை 1868-இல் இத்தாலியரான பெல்த்ராமி காட்டினார். அதாவது ஐந்தாவது எடுகோள் மற்ற நாலிலிருந்து வராது.

இதைக் கற்பனை என்று ஒதுக்கவேண்டாம். உலக உருண்டை ஒன்றைக் கையில் எடுங்கள். போர்னியோத் தீவில் பூமத்தியரேகை மேல் இருக்கும் பொந்தியானாக் நகரில் விரலை வையுங்கள். நேர் வடக்கே வடதுருவம் வரை போங்கள். அங்கே 90 பாகை திரும்பி, காங்கோ ஜனநாயகக் குடியரசில் பூமத்தியரேகையைத் தொடும் வரை இறங்குங்கள். பிறகு ரேகை வழியே கிழக்கே பொந்தியானாக் திரும்புங்கள். மூன்று மூலையிலும் செங்கோணம், மொத்தம் 270. மூன்று பக்கமும் சுமார் 10,000 கிலோமீட்டர். கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இருக்குமா? ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஒன்றாகிறது இங்கே.

அப்படியென்றால் மண்ணில் போட்ட முக்கோணத்தை அளந்தால் 180 வராதா? வராது, ஆனால் அளந்து கண்டுபிடிக்கவும் முடியாது. பினாங்குத் தீவு அளவுக்கு, சுமார் 295 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கோணம் ஒன்றில்கூட மிகுதி வருவது ஒன்றரை விநாடி. ஒரு பாகையில் 3600 விநாடிகள். மாணவர் பாகைமானியில் அரைப் பாகை பிசகுவது சாதாரணம், அது இதைப்போல 1200 மடங்கு. முக்கோணத்தின் மூலைகளைக் கிழித்து ஒட்டி '180 நிரூபணமாயிற்று' என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே பைதகரஸ் தேற்றம் உண்மைதான்; ஆனால் 'இந்த எடுகோள்களை ஏற்றால்' என்ற நிபந்தனையோடு உண்மை. அந்த நிபந்தனையிலிருந்து முடிவுக்குப் போகும் பாதையில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை. கணிதம் தருகிற உறுதி அந்தப் பாதையின் உறுதி. 'கணக்கில் மட்டும் கருத்து வேறுபாடே கிடையாது' என்று பட்டமளிப்பு மேடைகளில் சொல்லப்படுவது பாதி உண்மை. கணிதம் கண்டுபிடிக்கப்பட்டதா, உண்டாக்கப்பட்டதா என்ற பழைய வழக்கிலும் நாங்கள் இதே வழியில்தான் நிற்கிறோம். 1-ஐப் பகா எண்களில் சேர்க்காதது நம் ஏற்பாடு. ஆனால் கழித்தல் 1-ஐக் கழித்தல் 1-ஆல் பெருக்கினால் கூட்டல் 1 என்பது வெறும் ஏற்பாடு அல்ல. பங்கீட்டு விதியை (அ × (ஆ + இ) = அ × ஆ + அ × இ) விட்டுக்கொடுக்கமாட்டோம் என்றால் வேறு விடை கிடைக்காது. விதியைத் தேர்ந்தெடுப்பது நம் கையில். தேர்ந்தெடுத்த பின் என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. (தர்க்கவியல் அறிஞர் கோடெலின் 1931 தேற்றத்தைக் காட்டி 'கணிதத்திலும் எதுவும் உறுதியில்லை' என்று பேசுவோருக்கு ஒரு வார்த்தை. எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரணற்ற, எடுகோள்களை இயந்திரம் போல் பட்டியலிடக்கூடிய எந்த முறையிலும் ஆம் என்றும் இல்லை என்றும் நிறுவ முடியாத கூற்று ஒன்று இருக்கும் என்பதே அது. நிறுவியவற்றை அது அசைக்கவில்லை.)

நம்மவர்களுக்கு நிறுவல் வழக்கமே இல்லை, அது கிரேக்கர் சொத்து என்ற எதிர்வாதமும் வரும். அதுவும் சரியல்ல. 1530 வாக்கில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா, கேரளக் கணித அறிஞர் மாதவரின் தொடர்களுக்குக் காரணங்களைப் படிப்படியாக விளக்குகிறது; பெயரிலேயே 'யுக்தி' இருக்கிறது. வட்டத்தின் பரிதியைத் தரும் 1 − 1/3 + 1/5 − 1/7 என்ற முடிவில்லாத் தொடர் அதில் காரணத்தோடு வருகிறது. பெருமைப்பட வேண்டுமென்றால் மாணவர் பக்கத்துக்கு அது பொருத்தமான விஷயம்.

ராமானுஜன் பெயரும் இங்கே வந்தாக வேண்டும், ஏனென்றால் 'அவர் நிறுவலா எழுதினார்?' என்பது எல்லாரும் கேட்பது. பெரும்பாலும் எழுதவில்லைதான். அவர் கண்ட முடிவுகளில் மிகப் பல பின்னால் சரியென்று நிறுவப்பட்டன. ஆனால் 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றிச் சொன்னவற்றில் சில தவறு. எது சரி, எது தவறு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே கையெழுத்தில், ஒரே தன்னம்பிக்கையில் இருந்தன. 1916-இல் அவர் 'டௌ' என்னும் எண்வரிசையின் அளவுக்கு ஓர் எல்லையை ஊகித்தார். 1974-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த தெலின் அதை நிறுவினார். இடைப்பட்ட 58 ஆண்டுகளும் அது ராமானுஜன் ஊகம் என்றே அழைக்கப்பட்டது, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தும். உரை அளவைக்குக் கணிதம் தரும் இடம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த உரை அளவை கொல்லைப்புறமாக மறுபடி நுழைந்திருப்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சீனப் புத்தாண்டு நெருங்கும்போது ஜார்ஜ்டவுன் சந்தைகளில் மாண்டரின் ஆரஞ்சுகளைக் கூம்பாக அடுக்கி வைத்திருப்பார்கள்; கீழே மூன்று பழம், அவற்றின் குழியில் மேலே ஒன்று. ஒரே அளவுள்ள உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611-இல் கெப்ளர் சொன்னார். இடத்தில் சுமார் 74.05 விழுக்காடு நிரம்புகிறது. பழக்கடைக்காரருக்கு அது என்றைக்கோ தெரியும். 1998-இல் அமெரிக்கரான ஹேல்ஸ் கணினியின் துணையோடு நிறுவலை முன்வைத்தார். 12 பேர் கொண்ட குழு ஆண்டுக்கணக்கில் அதைச் சோதித்துவிட்டு, 99 விழுக்காடு உறுதி, கணினிக் கணக்கு முழுவதையும் தங்களால் சரிபார்க்க இயலவில்லை என்றது. ஹேல்ஸ் விடவில்லை. ஒவ்வொரு படியையும் தர்க்க விதிகளின்படி இன்னொரு நிரல் சோதிக்கும்படி முழு நிறுவலையும் மாற்றி எழுதும் வேலையைத் தொடங்கினார். 2014-இல் அது முடிந்தது. எந்த மனிதரும் முழுதாக வாசித்திராத ஒரு நிறுவலை 'தெரியும்' என்பதில் சேர்க்கலாமா? எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. இயந்திரத்தை நம்புவது பெரியோரை நம்புவது போல்தானே என்பது ஒரு கட்சி. நிரலின் உட்கரு சிறியது, அதை மட்டும் மனிதர் வரிக்கு வரி சோதித்தால் போதும், பெரியோரை அப்படிச் சோதிக்க முடியாதே என்பது மறு கட்சி.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவோம். அந்தப் பாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். படிவம் 1-இல் ஹிப்போட்டினஸ் பாடத்துக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. முதலில் 3-4, 6-8, 5-12 என்ற மூன்றை மட்டும் கொடுங்கள். எல்லாம் சரியாக வரும். 'எல்லாவற்றுக்கும் வருமா?' என்று கேட்டு, கை உயர்த்தியவர்களைக் கரும்பலகையில் எண்ணி எழுதிவையுங்கள். அதன் பிறகு 8-15. வரிசையை மாற்றினால் பயன் போய்விடும். தவறுவதை முதலிலேயே காட்டிவிட்டால் பிள்ளைகள் பாட்டை ஒதுக்கிவிடுவார்கள், தாங்கள் ஏமாந்தது எப்படி என்று யோசிக்கமாட்டார்கள். இரண்டு தடுமாற்றங்கள் வரும். நீளம் என்பது இரண்டில் பெரிய பக்கம் என்பதைக் கவனிக்காமல் 3-ஐ நீளமாக எடுப்பவருக்கு 4.625 வரும்; பாட்டு தப்பு என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார். இன்னொருவர் 17.125-ஐ 17 என்று முழுமைப்படுத்திவிட்டு 'சரியாக வருகிறதே' என்பார். அவருக்கு 7-24 கொடுங்கள். அரை அலகு குறைவதை முழுமைப்படுத்தி மறைக்க முடியாது. படிவம் 4 வந்ததும் அதே மாணவர்களிடம் அந்தப் பழைய தாளைக் கொடுத்து, எங்கெங்கே பொருந்தும் என்று சமன்பாடு போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். 48வி² − 56வி + 15 காரணிப்படுத்தும் பயிற்சிக்கும் நல்ல கணக்கு.

பாட்டை நீங்கள் இன்னொரு முறை வெளியிடத்தான் போகிறீர்கள், வாசகர்கள் விடமாட்டார்கள். அப்போது 3-4-5 கணக்குக்குப் பக்கத்திலேயே 7-24-25 கணக்கையும் சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இடைநிலைப்பள்ளிக் கணிதம் கற்பிப்போர் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.